எச்.ஐ.வி புரதங்களை நோயெதிர்ப்பு முறைமை இனங்காணுதல்

எச்.ஐ.வி புரதங்களை நோயெதிர்ப்பு முறைமை இனங்காணுதல் என்பது, மனித நோயெதிர்ப்புக் குறைபாட்டுத் தீநுண்மி (எச்.ஐ.வி) உடலினுள் நுழைந்த பின்னர் அதன் புரதங்களை வேற்றுப் பொருள் என உடல் கண்டுகொள்ளும் செயல்முறை ஆகும். இதில் இரு வேறு அமைப்புகள் ஈடுபடுகின்றன. ஒன்று, பி-உயிரணுக்கள் உருவாக்கும் பிறபொருளெதிரிகள். ஆய்வகங்களில் இவை ஆன்ட்டிபாடி என்றே வழங்கப்படுகின்றன. மற்றொன்று, டி-உயிரணுக்கள். பிறபொருளெதிரி, தீநுண்மியின் புரதத்தை அது இருக்கும் முழு வடிவிலேயே பற்றிக்கொள்கிறது. டி-உயிரணுவோ முழுப் புரதத்தை ஒருபோதும் காண்பதில்லை. உடலின் ஓர் உயிரணு அப்புரதத்தைத் துண்டாக்கித் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும்போது மட்டுமே அதனை அறிகிறது.

தட்டம்மை போன்ற பல நோய்களில், ஒருவரது குருதியில் பிறபொருளெதிரி இருப்பது அவர் பாதுகாக்கப்பட்டுள்ளார் என்பதன் அடையாளம். எச்.ஐ.வியில் அது தொற்று உள்ளது என்பதன் அடையாளம் மட்டுமே. உடல் எதிரியைச் சரியாகவே கண்டுகொள்கிறது. ஆயினும் அதனை ஒழிக்க இயலுவதில்லை. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ள, இரு அமைப்புகளும் எதை எவ்வாறு காண்கின்றன என்பதை அறிதல் வேண்டும்.

சேலம், நாமக்கல் சமவெளியின் பின்னணி

இந்தியாவில் எச்.ஐ.வி தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலா செல்லப்பனும் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அங்குத் தேடப்பட்டது தீநுண்மி அன்று. அதன் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரியே ஆகும். நாட்டில் இந்நோயின் வரலாறு பிறபொருளெதிரியின் வழியாகவே தொடங்கியது எனலாம்.

அதற்கடுத்த ஆண்டுகளில் தமிழகத்தில் இத்தொற்றால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் சேலம், நாமக்கல் சமவெளி குறிப்பிடத்தக்கது. 1997இல் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல், லாரிக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் எரிவளி டேங்கர் லாரிகளுக்கும் பெயர்பெற்றது. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் நாடு முழுவதும் செல்கின்றன. சங்ககிரியும் லாரித் தொழிலின் மையங்களுள் ஒன்று. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து நெடுஞ்சாலைகளில் வாழும் ஆண்கள் வழியே தொற்று ஊர்களை அடைந்தது. பின்னர் அவர்தம் மனைவியரையும் குழந்தைகளையும் அடைந்தது. தேசிய எயிட்சு கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் (2007–2012) மிகுந்த கவனம் தேவைப்படும் 'அ' பிரிவு மாவட்டங்களின் பட்டியலில் இவ்விரு மாவட்டங்களும் இடம்பெற்றன. அக்காலத்தை ஒப்பிடத் தமிழகத்தில் தொற்று இன்று பெரிதும் குறைந்துள்ளது.

இப்பகுதியின் மற்றொரு பெருந்தொழிலான கோழி வளர்ப்புக்கும் இக்கட்டுரையின் பொருளுக்கும் எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. பி-உயிரணு என்னும் பெயரில் உள்ள 'பி', கோழியின் கழிவாயை ஒட்டி அமைந்துள்ள 'பர்சா' என்னும் சிறு பையைக் குறிப்பதாகும். குஞ்சுப் பருவத்தில் இப்பை நீக்கப்பட்ட கோழிகளால் பிறபொருளெதிரிகளை உருவாக்க முடிவதில்லை என்பதை புரூசு கிளிக் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர் தோழர்களும் 1956இல் வெளியிட்டனர். மனிதரிடம் இந்தப் பை இல்லை; பி-உயிரணுக்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன. நாமக்கல்லின் பண்ணையாளர்கள் அஞ்சும் கம்போரோ நோயின் தீநுண்மி, குஞ்சுகளின் பர்சாவைத் தாக்கி பி-உயிரணுக்களை அழிக்கிறது. அந்நோய் கண்டு பிழைத்த குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் முதலிய பிற நோய்களுக்கான தடுப்பூசிகள் சரிவரப் பலனளிப்பதில்லை. நோயெதிர்ப்பு முறைமையையே இரையாக்கும் தீநுண்மி எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. மனிதரில் எச்.ஐ.வி தாக்குவது டி-உயிரணுக்களின் ஒரு வகையை. 'டி' என்பது தைமசுச் சுரப்பியைக் குறிக்கும்.

தீநுண்மியின் புரதங்கள்

எச்.ஐ.வியின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 9,700 எழுத்துகளைக் கொண்ட ஆர்.என்.ஏ இழை ஆகும். இதில் 9 மரபணுக்கள் உள்ளன. 'காக்' மரபணுவிலிருந்து உள்ளகக் கூட்டின் புரதங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பி24 என்னும் புரதம் மிகுதியாக உள்ளது. 'போல்' மரபணு, தலைகீழ்ப் படியெடுப்பு நொதி உள்ளிட்ட மூன்று நொதிகளைத் தருகிறது. 'என்வ்' மரபணுவின் விளைபொருள் ஜி.பி.160 என்னும் நீண்ட புரதம். இது ஜி.பி.120, ஜி.பி.41 என இரண்டாக வெட்டப்படுகிறது. இவ்விரண்டிலும் மும்மூன்று சேர்ந்து, தீநுண்மியின் மேலுறையில் துருத்தி நிற்கும் ஒரு முள்ளாக அமைகின்றன. எஞ்சிய ஆறு சிறு மரபணுக்களுள் 'நெப்' பின்னர்ப் பேசப்படும்.

இவற்றுள் தீநுண்மியின் வெளிப்புறத்தில் தெரிவது முள் ஒன்றே. பி24 உள்ளிட்ட ஏனைய புரதங்கள் கொழுப்பு உறைக்குள் மறைந்துள்ளன. இவ்வேறுபாடே பின்வரும் அனைத்துக்கும் அடிப்படை.

பிறபொருளெதிரி காணும் விதம்

பிறபொருளெதிரி கவட்டை வடிவம் கொண்ட ஒரு புரதம். அதன் இரு கைகளின் முனைகளிலும் ஆறாறு வளையங்கள் உள்ளன. இவ்வளையங்களின் மேடுபள்ளமும் மின்னூட்டமும் எதிரே உள்ள புரதப் பரப்பின் ஒரு சிறு திட்டுக்குப் பொருந்துமானால், பிறபொருளெதிரி அதனைப் பற்றிக்கொள்ளும். அத்திட்டில் பெரும்பாலும் 15 முதல் 20 அமினோ அமிலங்கள் இருக்கும். புரத இழையில் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள அமினோ அமிலங்கள், இழை மடிவதால் அருகருகே வந்து ஒரு திட்டாக அமைவதும் உண்டு. எனவே புரதம் குலைந்து விரிந்துவிட்டால், அத்திட்டை அறியும் பிறபொருளெதிரி அப்புரதத்தை அறியாது.

ஒரு மனித உடலில் எண்ணற்ற வகைப் பிறபொருளெதிரிகள் உருவாகக் காரணம், பி-உயிரணுக்கள் தம் மரபணுத் துண்டுகளை வெட்டி வெவ்வேறு வகையில் இணைத்துக்கொள்வதாகும். இதனைக் கண்டறிந்த சுசுமு தொனெகாவா 1987இல் நோபல் பரிசு பெற்றார். பொருந்திய பி-உயிரணு நிணநீர்க்கணுவுக்குள் பெருகுகிறது. பெருகும்போது தன் பிறபொருளெதிரி மரபணுவில் சிறு திருத்தங்களைச் செய்து, மேலும் இறுகப் பற்றும் வகைகளைத் தெரிந்தெடுக்கிறது.

எச்.ஐ.வி தொற்றியவரிடம் சில வாரங்களுக்குள் பிறபொருளெதிரிகள் தோன்றிவிடுகின்றன. முதலில் வருபவை ஜி.பி.41க்கு எதிரானவை. தொடர்ந்து ஜி.பி.120, பி24 முதலியவற்றுக்கு எதிரானவை வருகின்றன. இவற்றின் அளவில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றுள் மிகப்பெரும்பாலானவை தீநுண்மியைச் செயலிழக்கச் செய்வதில்லை. பி24ஐப் பற்றும் பிறபொருளெதிரிக்கு முழுமையான தீநுண்மியின் உள்ளே நுழைய வழியில்லை. அது சிதைந்த தீநுண்மிகளின் எச்சங்களையே பற்றுகிறது. ஜி.பி.120, ஜி.பி.41 ஆகியவற்றுக்கிடையேயான பிணைப்பு உறுதியற்றதாகையால் பல முட்கள் உடைந்து சிதறுகின்றன. உடைந்த முட்களில் வெளிப்படும் பரப்புகளுக்கு எதிராக உடல் ஏராளமான பிறபொருளெதிரிகளை வீணே உருவாக்குகிறது.

சிதையாத முள்ளைப் பற்றுவதற்கும் தடைகள் பல உள்ளன. அவற்றுள் முதன்மையானது சர்க்கரைப் போர்வை. ஜி.பி.120இன் எடையில் ஏறத்தாழப் பாதி, அதன்மேல் ஒட்டியுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் எடையே. இச்சங்கிலிகளை ஒட்டுவது தீநுண்மி அன்று. தீநுண்மி புகுந்த மனித உயிரணுவே. ஆகவே நோயெதிர்ப்பு முறைமைக்கு அவை உடலின் சொந்தப் பொருளாகவே தோன்றுகின்றன. இரண்டாவது தடை முட்களின் அருமை. இன்புளுவென்சா தீநுண்மியின் மேல் நூற்றுக்கணக்கான முட்கள் உள்ளன, எச்.ஐ.வியின் மேல் பத்து, பதினான்கு மட்டுமே. பிறபொருளெதிரி தன் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் இரு முட்களைப் பற்றினால் பிடி பன்மடங்கு இறுகும். முட்கள் இத்துணை விலகி நிற்கையில் பெரும்பாலும் ஒரு கைப்பிடியே வாய்க்கிறது.

மூன்றாவது, முள்ளின் மாறும் பகுதிகள். வி1 முதல் வி5 வரை பெயரிடப்பட்ட ஐந்து பகுதிகள் தீநுண்மிக்குத் தீநுண்மி வேறுபடுகின்றன. வி3 வளையம் ஏறத்தாழ 35 அமினோ அமிலங்களைக் கொண்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய பி உட்பிரிவில் இவ்வளையத்தின் முனை பெரும்பாலும் கிளைசின், புரோலின், கிளைசின், ஆர்சினின் என்னும் வரிசையில் அமைகிறது. தமிழகம் உள்ளிட்ட இந்தியாவில் மிகப் பரவலாக உள்ள சி உட்பிரிவில் நான்காவது இடத்தில் ஆர்சினினுக்கு மாற்றாகக் குளுட்டமின் உள்ளது. ஒரே ஓர் அமினோ அமிலம்தான். ஆயினும் முன்னதன் முனைக்கெனப் பழகிய பிறபொருளெதிரி பின்னதைத் தவறவிட அது போதும். மேலைநாட்டுத் தீநுண்மியைக் கொண்டு செய்யப்படும் தடுப்பூசி நாமக்கல்லில் பயன்படுமா என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது.

தீநுண்மியின் மாற்றமுறும் வேகமும் கருதத்தக்கது. சிகிச்சை பெறாத ஒருவரது உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடித் தீநுண்மிகள் உருவாகின்றன. படியெடுக்கும் நொதி பிழை திருத்தும் வசதி அற்றது. எனவே தொற்றிய சில மாதங்களில் முள்ளைச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரி உருவாகும்போது, அது பொருந்தாத மாற்று வடிவங்கள் முன்னரே தோன்றியிருக்கும். குருதியில் இன்று உள்ள பிறபொருளெதிரி, சில மாதங்களுக்கு முந்தைய தீநுண்மியை நன்கு தடுக்கும். இன்றைய தீநுண்மியைத் தடுக்காது. இத்துரத்தல் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

ஆயினும் முள்ளில் மாற முடியாத இடங்கள் சில உண்டு. மனித உயிரணுவின் சி.டி.4 ஏற்பியைப் பற்றும் குழி அவற்றுள் தலையாயது. அக்குழி உருமாறினால் தீநுண்மியால் உயிரணுவுக்குள் நுழைய முடியாது. தொற்றியோருள் ஒரு பகுதியினரிடம், ஆண்டுகள் சில கழிந்தபின், இத்தகைய இடங்களைப் பற்றும் 'பரந்த செயலிழப்புப் பிறபொருளெதிரிகள்' தோன்றுகின்றன. 2010இல் அறிவிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 சி.டி.4 குழியைப் பற்றுகிறது. 2009இல் அறிவிக்கப்பட்ட பி.ஜி.9, முள்ளின் உச்சியைச் சர்க்கரையோடு சேர்த்தே பற்றுகிறது. மறைக்க வந்த போர்வையே பிடிமானமாக மாறியது வியப்புக்குரியது. இவை உருவாகப் பெருந்தொகையான திருத்தங்கள் தேவைப்படுவதால் காலம் தாழ்ந்தே வருகின்றன. வந்தபோதும், அதே உடலிலுள்ள தீநுண்மி அவற்றுக்குத் தப்பும் வழியைக் கண்டுகொள்கிறது.

டி-உயிரணு காணும் விதம்

உயிரணுவுக்குள் புகுந்துவிட்ட தீநுண்மியைப் பிறபொருளெதிரியால் எட்ட முடியாது. அவ்வுயிரணுவைக் கண்டு அழிப்பது கொல்லும் டி-உயிரணுவின் பணி. அதன் மேற்பரப்பில் சி.டி.8 என்னும் மூலக்கூறு உண்டு.

உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் தம்முள் உருவாகும் புரதங்களில் ஒரு பகுதியைப் புரோட்டியசோம் என்னும் வெட்டும் அமைப்பினால் துண்டாக்குகின்றன. 8 முதல் 10 அமினோ அமிலம் வரை நீளமுள்ள துண்டுகள் எச்.எல்.ஏ என்னும் ஏந்தியின் பள்ளத்தில் பொருத்தப்பட்டு மேற்பரப்புக்கு அனுப்பப்படுகின்றன. இது நாள்தோறும் நடப்பது. நோய் இருந்தாலும் இல்லாவிடினும் நடப்பது. சாலையோரச் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு லாரியும் தன் சரக்கின் மாதிரியை வெளியே எடுத்துக் காட்டிச் செல்வதற்கு இதனை ஒப்பிடலாம். டி-உயிரணு அம்மாதிரிகளைத் தடவிப் பார்த்துச் செல்கிறது. சொந்தப் புரதத்தின் துண்டாயின் விட்டுவிடும். 'காக்' அல்லது 'நெப்' புரதத்தின் துண்டாயின், அவ்வுயிரணுவைத் துளையிட்டு அழிக்கும். எனவே உறைக்குள் மறைந்துள்ள பி24 பிறபொருளெதிரிக்குப் பயனற்ற இலக்காயினும் டி-உயிரணுவுக்கு மிகச் சிறந்த இலக்கு ஆகும்.

டி-உயிரணு துண்டை மட்டும் அறிவதில்லை. துண்டையும் அதனை ஏந்தும் எச்.எல்.ஏ மூலக்கூறையும் சேர்த்தே அறிகிறது. 1974இல் பீட்டர் டோகர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் ஆகியோர் எலிகளில் கண்ட இவ்வுண்மைக்கு 1996இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எச்.எல்.ஏ மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவன. ஒருவர் பெற்றோர் இருவரிடமிருந்தும் மும்மூன்றாக, ஆறு வகை வரை பெறுகிறார். ஒவ்வொரு வகையின் பள்ளமும் வெவ்வேறு துண்டுகளையே ஏந்தும். ஒரே லாரியில் மாறி மாறி வண்டி ஓட்டிய இருவருக்கு ஒரே தீநுண்மி தொற்றினாலும், அவர்தம் டி-உயிரணுக்கள் காணும் துண்டுகள் வேறுவேறாக இருக்கும்.

இவ்வேறுபாடு வாழ்நாளையே தீர்மானிக்கக் கூடியது. எச்.எல்.ஏ-பி57, எச்.எல்.ஏ-பி27 ஆகிய வகைகளைக் கொண்டோருள் பலரிடம் மருந்தின்றியே நோய் மெதுவாக முற்றுகிறது. பி27 ஏந்துவது பி24 புரதத்தின் 10 அமினோ அமிலத் துண்டு ஒன்றை. அத்துண்டின் இரண்டாம் இடத்தில் ஆர்சினின் இருப்பது இன்றியமையாதது. அங்கு லைசின் வந்துவிட்டால் துண்டு பள்ளத்தில் நில்லாது, தீநுண்மி தப்பிவிடும். ஆனால் அம்மாற்றம் தீநுண்மியின் உள்ளகக் கூட்டையே தளர்த்திவிடுகிறது. கூடு சரிவர அமைய, புரதத்தின் வேறோர் இடத்தில் ஈடுசெய்யும் மற்றொரு மாற்றமும் தேவைப்படுகிறது. இரண்டும் ஒருங்கே அமையப் பல ஆண்டுகள் ஆகலாம். அதுவரை நோய் அடங்கியிருக்கும். பி57 தொடர்பிலும் இத்தகைய விலை உண்டு. தப்பிய தீநுண்மி பி57 இல்லாத ஒருவருக்குத் தொற்றும்போது, பெரும்பாலும் தன் பழைய வடிவுக்கே திரும்பிவிடுகிறது. மருந்தின்றித் தீநுண்மியை அளவிட முடியாத நிலையில் வைத்திருப்போர் மிக அரியவர். தொற்றியோருள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. தமக்கு அத்தகைய எச்.எல்.ஏ இருக்கக்கூடும் என்று எண்ணி மருந்தைத் தள்ளிப்போடுவதற்கு இதில் இடமில்லை.

தீநுண்மி துண்டை மாற்றுவதோடு நிற்பதில்லை. 'நெப்' புரதம், எச்.எல்.ஏ-ஏ, எச்.எல்.ஏ-பி மூலக்கூறுகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுகிறது. ஏந்தி இல்லையெனில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஏந்தியே இல்லாத உயிரணுவை 'இயற்கைக் கொல்லிகள்' என்னும் வேறொரு வகை உயிரணுக்கள் ஐயுற்று அழிக்கக் கூடும். அவற்றை அமைதிப்படுத்தும் எச்.எல்.ஏ-ஈ போன்றவற்றை 'நெப்' தொடுவதில்லை. மூளையற்ற ஒரு துகளிடம் இத்தகைய நுட்பம் காணப்படுவது இயற்கைத் தேர்வின் விளைவே.

சி.டி.4 உயிரணுக்களின் இழப்பு

டி-உயிரணுக்களின் மற்றொரு வகை, சி.டி.4 மூலக்கூறைக் கொண்ட உதவி டி-உயிரணுக்கள். இவையும் துண்டுகளையே காண்கின்றன. ஆனால் சற்றே நீண்ட துண்டுகளை, வேறொரு வகை எச்.எல்.ஏ ஏந்திகளின் வழியாக. தாம் நேரடியாகக் கொல்வதினும், பி-உயிரணுவுக்கும் கொல்லும் டி-உயிரணுவுக்கும் ஆணை தருவதே இவற்றின் முதன்மைப் பணி.

எச்.ஐ.வி நுழைவது இவ்வுயிரணுக்களுக்குள்ளேயே. அதிலும், எச்.ஐ.வியின் துண்டை இனங்கண்டு விழிப்புற்ற சி.டி.4 உயிரணுக்கள் ஏனையவற்றினும் எளிதில் தொற்றுக்கு உள்ளாகின்றன. எதிரியைக் கண்டுகொண்டதே அழிவுக்குக் காரணமாகிறது. சி.டி.4 குறையக் குறைய ஏனைய இரு படைகளும் வழிகாட்டுதல் இன்றித் தளர்கின்றன. நலமுடையோரில் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை உள்ள இவ்வெண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கும்போது காசநோய் முதலிய சந்தர்ப்பவாத நோய்கள் எளிதில் பற்றுகின்றன.

சில சி.டி.4 உயிரணுக்களில் தீநுண்மியின் மரபணு டி.என்.ஏவாக இணைந்து உறங்கிவிடுகிறது. அந்நிலையில் அவ்வுயிரணு தீநுண்மிப் புரதம் எதனையும் உருவாக்குவதில்லை. புரதம் இல்லாதவிடத்துப் பற்றுவதற்கு முள்ளும் இல்லை, காட்டுவதற்குத் துண்டும் இல்லை. கூட்டு மருந்து பல ஆண்டுகள் உட்கொண்டும், அதனை நிறுத்தினால் தீநுண்மி மீண்டும் தலைதூக்குவது இதனாலேயே.

தடுப்பூசி முயற்சிகள்

தடுப்பூசி ஆய்வுகளின் வரலாறு மேற்கூறிய இரு பார்வைகளுக்கிடையே ஊசலாடிய வரலாறு எனலாம். ஜி.பி.120ஐ மட்டும் கொண்டு பிறபொருளெதிரியைத் தூண்டிய முதல் பெரிய ஆய்வுகள் 2003இல் தோல்வி எனத் தெரிந்தன. பின்னர் 'காக்', 'போல்', 'நெப்' ஆகியவற்றைக் கொண்டு டி-உயிரணுவைத் தூண்டிய 'ஸ்டெப்' ஆய்வு 2007இல் நிறுத்தப்பட்டது. இரண்டையும் இணைத்த தாய்லாந்து ஆய்வு 2009இல் ஏறத்தாழ 31 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியது. அதனைத் தழுவித் தென்னாப்பிரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு பயனின்றி 2020இல் கைவிடப்பட்டது.

தமிழகத்தில், சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு தடுப்பூசியின் முதற்கட்ட ஆய்வு 2006இல் தொடங்கியது. வலுவிழந்த அம்மைத் தீநுண்மி ஒன்றினுள் இந்தியாவின் சி உட்பிரிவு எச்.ஐ.வியின் மரபணுக்கள் பொதியப்பட்டிருந்தன. 32 தன்னார்வலர்கள் பங்கேற்றனர். தடுப்பூசி தீங்கற்றது என்பதும் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதும் தெரிந்தன. தொற்றைத் தடுக்குமா என்பதை அறியும் பெரிய கட்டத்தை அது அடையவில்லை. இவ்வகை ஆய்வுகளில் பங்கேற்போர் எதிர்கொள்ளும் இடர் ஒன்று உண்டு. தடுப்பூசியால் உருவான பிறபொருளெதிரிகள் காரணமாக, தொற்று இல்லாதோருக்கும் எச்.ஐ.வி சோதனை நேர்மறையாகத் தோன்றலாம். அத்தகையோருக்குத் தீநுண்மியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனையே விடை தரும்.

அண்மைக்கால முயற்சிகள் பி-உயிரணுவைப் படிப்படியாகப் பயிற்றுவிக்க முனைகின்றன. வி.ஆர்.சி.01 போன்ற பிறபொருளெதிரியாக வளரக்கூடிய அரிய முன்னோடி பி-உயிரணுக்களை எழுப்பவென வடிவமைக்கப்பட்ட புரதம், அதனைப் பெற்ற 36 பேரில் 35 பேரிடம் அவற்றை எழுப்பியதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. முன்னோடி எழுவது முதற்படி மட்டுமே. அந்நிலையில் அது தீநுண்மியைத் தடுக்காது.

பரிசோதனையில் இனங்காணுதலின் பயன்

தமிழக அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்னும் பெயரில் இயங்கும் ஆலோசனை, பரிசோதனை மையங்களில் நடைபெறுவது பிறபொருளெதிரியின் இனங்காணுதலே. சோதனைப் பட்டையில் ஜி.பி.41, ஜி.பி.120 போன்ற புரதங்கள் பூசப்பட்டிருக்கும். குருதியில் பொருந்தும் பிறபொருளெதிரி இருந்தால் அது ஒட்டிக்கொண்டு நிறக்கோடாகவோ புள்ளியாகவோ தெரியும். வேறு காரணத்தால் உருவான பிறபொருளெதிரி தற்செயலாக ஒட்டுவதும் உண்டு. அதனால் ஒரு சோதனையைக் கொண்டு முடிவு கூறப்படுவதில்லை. வெவ்வேறு புரதங்களையோ செயல்முறைகளையோ பயன்படுத்தும் மூன்று சோதனைகளும் நேர்மறையானால் மட்டுமே தொற்று உறுதி செய்யப்படும். சோதனைக்கு ஒருவரது இசைவைப் பெறுவதும் முடிவை மறைவாகக் காப்பதும் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி, எயிட்சு (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டத்தின்படி கட்டாயமாகும்.

பிறபொருளெதிரி தோன்றச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தொற்றிய புதிதில் சோதனை எதிர்மறையாகவே இருக்கும். இது 'சாளரக் காலம்' எனப்படும். உடலில் தீநுண்மி மிகுந்து, பிறருக்கு எளிதில் பரவக்கூடிய காலமும் இதுவே. பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனைகள் இக்காலத்தைக் குறைத்துள்ளனவே அன்றி நீக்கவில்லை. ஐயத்துக்குரிய நிகழ்வுக்குப் பின் உடனே செய்த சோதனையின் எதிர்மறை முடிவை நம்பி மூன்று மாதத்தில் மறுசோதனையைத் தவிர்ப்பது தவறாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவமனையிலும் உள்ள ஏ.ஆர்.டி மையங்களில் கூட்டு மருந்து பெறுவோரின் குருதியில் தீநுண்மி அளவிட முடியாத நிலைக்கு இறங்குகிறது. அந்நிலையில் பாலுறவின் வழியே அது பிறருக்குப் பரவுவதில்லை. ஆயினும் பிறபொருளெதிரியைச் சுரக்கும் நெடுநாள் வாழும் பிளாசுமா உயிரணுக்கள் எஞ்சியிருப்பதால் பிறபொருளெதிரிச் சோதனை நேர்மறையாகவே நீடிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மருந்தின் பயனைக் காட்டுவது தீநுண்மியின் எண்ணிக்கையை அளக்கும் சோதனையே.

கைக்குழந்தைகளின் நிலை தனித்துக் கூறத்தக்கது. தாயின் பிறபொருளெதிரிகள் நச்சுக்கொடி வழியே கருவை அடைகின்றன. கோழியிலும் இது நிகழ்கிறது. தாய்க்கோழியின் பிறபொருளெதிரி மஞ்சட்கரு வழியே குஞ்சுக்குச் செல்கிறது. அது குறையும் நாளைக் கணித்தே நாமக்கல் பண்ணைகளில் கம்போரோ தடுப்பு மருந்து கொடுக்கப்படுகிறது. முன்னரே கொடுத்தால் தாய்வழி வந்த பிறபொருளெதிரி மருந்தையே முடக்கிவிடும். மனிதக் குழந்தையில் தாயின் பிறபொருளெதிரி முற்றிலும் மறைய 18 மாதங்கள் வரை ஆகலாம். ஆகவே எச்.ஐ.வி உள்ள தாய்க்குப் பிறந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும், தொற்று இருப்பினும் இல்லாவிடினும், தொடக்கத்தில் சோதனையில் நேர்மறையாகவே தோன்றுவர். தாய் முறையாகக் கூட்டு மருந்து உட்கொண்டால் அவர்களுள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோருக்கே தொற்று ஏற்படுகிறது. உண்மை நிலையை அறிய, ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த குருதித் துளிகள் தாளில் உலர்த்தப்பட்டு, தீநுண்மியின் மரபுப்பொருளைத் தேடும் ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகின்றன. ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் சோதனை தொடர்கிறது. பிறபொருளெதிரிச் சோதனையின் முடிவு குழந்தையைப் பற்றியதாகக் கொள்ளப்படுவது 18 மாதம் நிறைந்த பின்னரே. தாய்ப்பால் அருந்தும் குழந்தையாயின், பால் மறக்கடித்து மூன்று மாதங்கள் கழிந்திருத்தலும் வேண்டும்.